பால்கனியில் ஓர் ஆம்பிளை

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, எங்கள் சந்து முழுவதும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

சிசிலியில், பலெர்மோ நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் சந்துகள் ஒடுக்கம். எதிர்வீட்டில் வெங்காயம் வெட்டினால் எனக்குக் கண் எரியும். அப்படிப்பட்ட இடத்தில், எங்கள் பால்கனிக் கொடியில் ஓர் ஆம்பிளை துணி காயப்போட்டால்? அதுவும் விசிலடித்துக்கொண்டு, தன் மனைவியின் பாவாடையை உதறி உதறி!

எதிர்வீட்டு சிஞ்ஞோரா, அதாவது அந்த வீட்டு இத்தாலிக்கார அம்மா, கையைத் தட்டி "பிராவோ!" என்று கத்தினார். அவருடைய கணவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். தங்கள் ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தினார்.

என் வீட்டுக்காரரும் அதே முகத்தோடுதான் நின்றார். "அவனுக்கு என்ன வருத்தம், சுகமில்லையோ? உள்ளுக்கு வரச் சொல்லு. சனம் பார்க்குது." சிசிலிக்காரனையும் இலங்கை மன்னார்க்காரனையும் ஒற்றுமைப்படுத்த வேறென்ன வேண்டும்?

துணி காயப்போட்டவன் என் தம்பி ரெஜி. லண்டனிலிருந்து மனைவி ஸ்டெல்லாவோடு வந்திருந்தான். எங்கள் சின்னவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்பதற்குத்தான் தம்பியை அழைத்திருந்தோம். இத்தாலிக்கு வந்த பிறகு என் பக்கத்துச் சொந்தம் ஒன்றை நான் கண்ணால் கண்டதே இப்போதுதான்.

பழைய ரெஜியை உங்களுக்குத் தெரியாது. சாப்பிட்ட கோப்பையிலேயே கை கழுவிவிட்டு எழும்புகிற ஆள். லண்டனுக்குப் போய் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை எடுத்து, கலியாணம் முடித்து... அங்கேயும் மாறவில்லை. குடி, சத்தம். டெலிபோனில் ஸ்டெல்லா "ஹலோ" சொல்லும் விதத்திலேயே அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கிவிடும்.

அந்த ரெஜி இப்போது என் குசினியில் சட்டி தேய்க்கிறான். சின்னவனைக் குளிப்பாட்டுகிறான். வைன் போத்தலைக் காட்டினால் தண்ணீர் போதும் என்கிறான். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. லண்டனில் ரெஜி ஒரு புதுச் சபையில் சேர்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஹோலில் கூடுகிறார்கள். ஆம்பிளைகளுக்கென்று தனிக் கூட்டமும் உண்டாம். அதில் ஒவ்வொருவராக எழும்பி, மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்வார்களாம் — இப்படிக் குடித்தேன், இப்படி அடித்தேன், இப்போது திருந்திவிட்டேன் என்று.

"வெள்ளைக்காரன் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போறான், அக்கா. கோயிலுகள் வெறுமையாக் கிடக்கு. எங்கட ஹோலிலை இருக்க இடமில்லை," என்றான் பெருமையாக. பிறகு கரண்டியைக் கீழே வைத்தான். "அத்தான், ஒரு விஷயம். நான் ஞானத்தகப்பனா நிக்க ஏலாது. குழந்தைக்குத் தண்ணி ஊத்துறதை எங்கட சபையிலை ஏற்கிறேல்லை. விளங்கிற வயசிலை தானாக் கேட்டு எடுக்கவேணும். நான் போய் நிண்டு 'விசுவசிக்கிறன்' எண்டு சொன்னால் அது பொய்."

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே வியா மக்வேதா தெருவில் சந்தித்த எல்லோரிடமும் 'லண்டன் மச்சான்தான் ஞானத்தகப்பன்' என்று சொல்லி முடித்திருந்தார். கோபம் எப்படி வராது?

"நீ இதுவரைக்கும் சொன்ன பொய்யளை அடுக்கினால் பெல்லெக்ரினோ மலைக்கு மேலாலை போகும். இன்னொண்டு சொன்னால் என்ன? கழுவின கோப்பையைத் திருப்பித் திருப்பிக் கழுவுறாய்... பிள்ளையின்ரை தலையைக் கழுவேக்கை மட்டும் நிக்கமாட்டியோ?"

ரெஜி தலை குனிந்து இருந்தான். பழைய ரெஜியென்றால் மேசை பறந்திருக்கும்.

"ஞாயிற்றுக்கிழமை நீ நிக்காட்டி, உனக்கும் இந்த வீட்டுக்கும் இனிக் கதை இல்லை." சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

எந்தச் சபை சரி, எந்தக் கோயில் சரி என்று நான் யோசிக்கவேயில்லை. கண்ட கையோடு தம்பியை இழக்கப் போகிறேனா என்றுதான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவும் நானும் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். "எப்பிடி மாறினவன்? சபையோ, லண்டனோ?" என்று கேட்டேன். லண்டன் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய பக்கத்து வீட்டு இங்கிலீஷ்காரன் குழந்தைக்கு நாப்பி மாற்றுகிறானாம், சமைக்கிறானாம். அவனுக்கு ஒரு சாமியும் கிடையாதாம்.

ஸ்டெல்லா கத்தரிக்காயை விட்டுத் தலை நிமிரவில்லை. "ரெண்டும் இல்லை மச்சாள். நான் ஒருநாள் பெட்டியைக் கட்டினனான். அங்கை பொம்பிளை வெளிக்கிட்டால் போக இடமிருக்கு எண்டு அவருக்கும் தெரியும். அதுக்குப் பிறகுதான் ஆண்டவர் அவரோடை கதைச்சவர்."

இந்தப் பகுதி சாட்சியில் வருகிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

"நீயும் அந்தச் சபையோ?"

"சீச்சீ. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வெளிக்கிடுவம். பஸ் ஸ்டாண்டிலை அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அவருக்கு ஹோல், எனக்கு மாதா கோயில். மத்தியானம் வந்து அவர் சமைப்பார். வேறை என்ன வேணும்?"

சனிக்கிழமை பின்னேரம். என் வீட்டுக்காரர் வேலை செய்கிற வீட்டு சிஞ்ஞோரா, ஞானஸ்நானத்தில் சின்னவனுக்குப் போட இரவலாகத் தந்த சட்டை ஒன்று இருந்தது. லினன். எண்ண முடியாத மடிப்புகள். ரெஜி அதை அயர்ன் பண்ண எடுத்தான். மன்னிப்புக் கேட்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி அதுதான் போலும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பலெர்மோவில் எங்கள் ஆம்பிளைகள் செய்வதென்ன? இத்தாலியர் வீடுகளில் வீட்டு வேலை. சமையல், துடைப்பு, அயர்ன் எல்லாம் அவர்கள்தான். ஆனால் நாலு பேர் கூடினால், "எங்கை வேலை?" "ஒரு வீட்டிலை." அதோடு கதை முடியும். தங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் இரண்டு கையும் விழுந்துவிடும். சம்பளத்துக்குச் செய்தால் தொழில்; சும்மா செய்தால் பெண்டாட்டிதாசன்!

ரெஜி அயர்ன் பண்ணப் பண்ண, மடிப்புகள் கூடிக்கொண்டே போயின. என் வீட்டுக்காரர் கதிரையில் இருந்து பார்த்தார். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. காலை ஆட்டினார். தொண்டையைச் செருமினார். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"விடு! எரிச்சுப்போடுவாய்!"

பாய்ந்து போய் அயர்னைப் பறித்தார். சட்டையை உட்புறமாகத் திருப்பினார், விரலால் தண்ணீர் தெளித்தார், முனையை மடிப்புக்குள் விட்டு ஒரு இழுப்பு... கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் அயர்ன் பண்ணி நான் பார்த்தது அன்றுதான். மனிதர் என்ன அழகாகச் செய்கிறார்! எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வேலை கையில் இருந்ததால் வாயும் கொஞ்சம் இளகியது. நிமிராமலே கேட்டார். "பிள்ளையைத் தூக்கிறதுக்கும் உங்கட சபையிலை தடையோ?"

"இல்லை அத்தான். எவ்வளவு நேரமெண்டாலும் தூக்குவன். 'ஓம்' எண்டு சொல்லத்தான் மாட்டன்."

"நான் சொல்லுறன்," என்றாள் ஸ்டெல்லா வாசலில் நின்று. "நான் நிக்கிறன்."

"பொம்பிளை தனிய நிக்கலாமோ?"

"பாதிரியாரிட்டைக் கேட்டனான்," என்றேன். "ஒராள் போதுமாம். ஆம்பிளைதான் வேணுமெண்டு சட்டம் இல்லையாம்."

அவர் சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஸ்டெல்லாவுக்கு 'கிரேதோ' — அதாவது 'விசுவசிக்கிறேன்' — என்று இத்தாலியனில் சொல்லப் பழக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா நின்றாள். ரெஜி ஒரு தூணோடு ஒதுங்கி நின்றான். தலையில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், சின்னவன் வீரிட்டான். என்னிடம் அடங்கவில்லை. தகப்பனிடம் அடங்கவேயில்லை. கை மாறி மாறித் தூணடிக்குப் போனான். ரெஜி தோளில் போட்டுத் தட்டினான். இரண்டு நிமிடத்தில் நித்திரை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெளியே வந்ததும் தன் கூட்டாளிகளிடம் கூட்டிக்கொண்டு போனார். "இவன்தான் என்ர மச்சான். லண்டன்." ஞானத்தகப்பன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர்கள் லண்டனுக்குப் போய்விட்டார்கள். நேற்றுப் பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன்... வீடு அவியுது. இந்த வெக்கையில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. நடுவில் என் வீட்டுக்காரர், வேர்க்க விறுவிறுக்க, என் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு நிற்கிறார்!

"ஜன்னலைத் திறவுங்கோவன்!"

"சும்மா இரு. எதிர்வீட்டுக்காரன் பார்ப்பான்."

விசுவாசம் வந்துவிட்டது. சாட்சி சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.