மேட்டுக்குப் போகும் பால் வண்டி

எங்கள் ஊர் நகராட்சி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கீழே ஆற்றங்கரையில் ஒரு கடைத்தெரு, நடுவில் மரம் அறுக்கும் மில், உச்சியில் மாடுகளை நம்பிப் பிழைக்கும் மேட்டுக் குடியிருப்பு. அவ்வளவுதான். இந்த மூன்றையும் ஒரே ஊராகக் கட்டி வைத்திருப்பது ஒரு பால் வண்டி. அதை ஓட்டுகிறவளை எல்லோரும் வண்டியக்கா என்பார்கள்.

கணவன் கண்ணை மூடிய வருடமே அவன் வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தவள். விடிந்தும் விடியாமலும் மேலே ஏறுவாள். ஏறும்போது காலி கேன்களோடு தவிட்டு மூட்டை இருக்கும், யாருக்கோ இருமல் மருந்து இருக்கும், சில நாள் கோபம் தணிந்து புருஷன் வீட்டுக்குத் திரும்பும் மருமகளும் இருப்பாள். இறங்கும்போது பால் மட்டும். ஒவ்வொரு கேனையும் திறந்து முகர்ந்த பிறகுதான் ஏற்றுவாள். தூங்கும் குழந்தையின் உச்சியை முகர்வதுபோல அத்தனை பக்கத்தில் குனிவாள்.

ஒருநாள் பால் குளிரூட்டும் நிலையத்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, மேட்டுப் பால் டீசல் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை என்றார். நாளைக்கு அவரே கூட வருவாராம். வண்டி நிறையாவிட்டால் இனி மில்லோடு திரும்பிவிட வேண்டியதுதானாம். வண்டி ஏறுமுன் செய்தி மேலே ஏறிவிட்டது. வண்டி நின்றால் மாட்டை விற்க வேண்டும். மாடும் போய்விட்டால் அந்த மேட்டில் யாருக்கு என்ன வேலை?

மறுநாள் முதல் வீடு நாத்தனார் வீடு. கணவனின் அக்கா. தம்பி போனபோது இவளையும் இவள் மகளையும் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள். வாசலில் வழக்கத்தைப்போல் இரண்டு பங்கு கேன்கள். வண்டியக்கா மூடியைத் திறந்தாள். லேசாக, மிக லேசாகப் புளித்த வாடை. வண்டி நிறையட்டும் என்று, முந்தின மாலை கறந்த பாலையும் காலைப் பாலோடு கலந்து வைத்திருந்தார்கள்.

"அண்ணி, இது தாங்காது."

மேனேஜர் முன் சீட்டில் கண்ணயர்ந்திருந்தார். நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு ஒரு நாள்தானடி. மூக்க மூடிக்கிட்டு ஏத்து."

நிலையத்தில் எல்லாப் பாலும் ஒரே தொட்டியில்தான் விழும். இது சேர்ந்தால் ஊர்ப் பிள்ளைகள் குடிக்கும் பால் முழுக்கத் திரிந்துபோகும். அந்த வீட்டில் தின்ற சோறு நினைவுக்கு வந்தது. ஆனாலும் கேனை ஓரமாக வைத்தாள்.

"என் தம்பி இருந்திருந்தா ஏத்தியிருப்பான்."

"ஏத்தியிருக்க மாட்டாரு அண்ணி." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். கலக்காமல் விட்ட சில கேன்கள் மட்டும் வண்டியில் ஏறின. மற்றவை தெரு நெடுக நின்றன. சத்தம் கேட்டு மேனேஜர் இறங்கி வந்தார். வண்டியக்கா எதையும் மறைக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாயங்காலமும் தினம் இவ்வளவு கறக்குதா?"

"கறக்குது சார். காலை வரைக்கும் தாங்காதுன்னு கன்னுக்கு விட்டுடறாங்க. பூனைங்ககூடக் கொழுத்துக் கிடக்கு."

காலைக் கணக்கை மட்டுமே பார்த்த மனிதர் அவர். இங்கேயே ஒரு குளிர் தொட்டி இருந்தால் ஒரே நடையில் வண்டி நிறையுமே என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதோடு நிற்கவுமில்லை. அவர் போய்க் கேட்டதும் நகராட்சி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் சும்மா கிடந்த அறையைக் கொடுத்தது, மின்சாரம் இழுத்தது. அவர் குளிர் தொட்டியை அனுப்பினார். பொறுப்பு யாருக்கு? நாத்தனாருக்கு. பால் கொஞ்சம் தண்ணியாக இருந்தாலும் அவள் விடும் வசவுக்கு மேடே நடுங்கியது. ஆனால் வண்டியக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வேளைப் பாலும் சேர்ந்து ஏறும் முதல் காலை. வண்டியை அறைக்கு எட்டத்திலேயே நிறுத்திவிட்டு, இறங்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தாள் வண்டியக்கா. நாத்தனார் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னும் பின்னால எடுடி. அவ்வளவு தூரம் தூக்க எனக்கென்ன வயசு திரும்புதா?"

வண்டியக்கா ரிவர்ஸ் போட்டாள். கண் நிறைந்திருந்ததில் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணிதான் வண்டியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி, வா வா என்று வழி சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தாள்.