இரண்டு பள்ளிக்கு ஒரு நுண்ணோக்கி

அந்த அறிவியல் டீச்சருக்கு நாற்பதை ஒட்டிய வயது. அக்கா வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தார். அவருடைய பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று ஒன்று கிடையாது. காதுக்கு ஊற்றும் மருந்துப் பாட்டிலின் சொட்டுக்குழாய், உடைந்த ஜன்னல் கண்ணாடியை வெட்டி ஓரம் தேய்த்த துண்டுகள், வெங்காயத் தோலுக்குச் சாயமேற்றச் சிவப்பு மை. எல்லாவற்றையும் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். நுண்ணோக்கியை மட்டும் அப்படி ஒப்பேற்ற முடியவில்லை.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒன்று இருந்தது. அங்கிருந்த அறிவியல் வாத்தியார் வியாழன்தோறும் அதை மரப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வருவார். பிள்ளைகள் வைத்த பெயர் ‘பெட்டி சார்’. வகுப்பு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து லென்ஸைத் துடைப்பார்கள். சின்ன வேலைதான், ஆனால் லேசில் முடியாது. குளத்துத் தண்ணீரில் நெளிகிற பூச்சிகளைப் பற்றியே வாய் ஓயாத பேச்சு. வேறெதையும் பேசியதில்லை. அதற்கே புதன்கிழமை வந்தால் டீச்சருக்கு இருப்புக்கொள்ளாது.

“என்னடி, நாளைக்கு வியாழக்கிழமையா?” என்று அக்கா சிரிப்பாள்.

“போக்கா, உனக்கு வேற வேலையே இல்ல.”

பழைய மாணவர் ஒருவர் டீச்சரின் பள்ளிக்குப் புது நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் குதித்தார்கள். வருடக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் டீச்சர்தான். அவருக்குத்தான் சிரிப்பு உதட்டோடு நின்றது.

வியாழனன்று வந்த பெட்டி சார் புதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லதாப் போச்சு டீச்சர். இனிமே உங்க பசங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.”

“ஆமா சார். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

வேறு ஏதாவது சொல்வார் என்று டீச்சர் வாசல்வரை கூடவே நடந்தார். அவர் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் பிள்ளைகள் வெங்காயத் தோலில் செங்கல் அடுக்கியதுபோல் செல்களைக் கண்டு கூச்சல் போடும்போதும், டீச்சரின் காது ரோட்டில் போகிற பஸ் சத்தத்திலேயே இருந்தது. கடைசியில் ஒருநாள் மதியம் விடுப்பு சொல்லிவிட்டு அவரே பஸ் ஏறினார்.

பெட்டி சார் வகுப்பில் இருந்தார். “என்ன டீச்சர், இவ்வளவு தூரம்?”

“புது மைக்ராஸ்கோப்புல ஃபோகஸ் நிக்க மாட்டேங்குது சார். பாத்துக் குடுப்பீங்களான்னு…”

“அதுக்கென்ன, குடுங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. டீச்சர் வெறுங்கையோடு வந்திருந்தார். அது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பெட்டி சார் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டார். “உக்காருங்க. பெல் அடிக்கட்டும்.”

மாலையில் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். பேச்சு குளத்துப் பாசியில் தொடங்கிப் பாசியிலேயே நின்றுபோனது. பஸ் வந்தது. கண்டக்டர் குரல் கொடுத்தார். இருவரும் அதைப் பார்க்காத மாதிரியே நின்றுகொண்டிருந்தார்கள்.