ஐம்பத்தேழாம் டோக்கன்

"வேன்ல ஏறினது பதினொரு பேரு. இங்க இறங்கினது பத்து. இன்னொருத்தர் எங்க?"

கண்டக்டரம்மா அந்த அறையில் பேசிய முதல் பேச்சு அது. கையில் இருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தேசியப் பூங்காவில் சீசன் நான்கு மாதத்துக்கு வேலைக்கு வந்தவர்களை இருவர் இருவராக ஓர் அறையில் போட்டிருந்தார்கள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த இளம்பெண், சமையல்காரர் வழியில் அலுவலக வாசலிலேயே இறங்கிவிட்டதாகச் சொன்னாள். "அப்ப சரி" என்ற பிறகுதான் பெட்டி தரையைத் தொட்டது.

ஜன்னலோரக் கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள், மரமெல்லாம் தெரியும் என்றாள் அவள். கண்டக்டரம்மாவுக்குக் கதவோரம்தான் வேண்டுமாம். "இருபத்தாறு வருஷமா படிக்கட்டுப் பக்கமே நின்னு பழகிட்டேன் பாப்பா. ஜன்னலோரம் உக்காந்தா டிக்கெட் எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கும்." அடுத்து, அவளுக்கு என்ன வேலை என்று விசாரித்தார். தகவல் மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு மொழியிலும் வழி சொல்ல வேண்டும் என்றாள். கண்டக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பாஷை தெரிஞ்சுமா இப்படிக் கஞ்சத்தனமா பேசற?"

பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாரே தவிர, பேருந்து அவரை இறக்கிவிடவில்லை. சமதரையிலும் கால்களை அகட்டி வைத்தே நிற்பார். பேச்சு சூடு பிடித்தால் வலது கை தானாக உயர்ந்து, தலைக்கு மேல் இல்லாத கம்பியைத் தேடும். மலைப்பாதைத் தொடக்கத்தில் கூட்டம் தேங்கி நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தானே இருக்கு" என்பார். எதிரே காடு முழுக்கக் காலியாகத்தான் கிடக்கும்.

தூக்கம்தான் அவருக்கு வசப்படவில்லை. "ஒரு ஹாரன் இல்ல, ஒரு பிரேக் சத்தம் இல்ல, மனுஷி எப்படித் தூங்கறது?" என்று நடுங்குகிற குளிரிலும் மின்விசிறியை ஓடவிட்டார். அந்தக் கடகட சத்தத்தில் அவர் தூங்கினார். அவள் இரண்டு போர்வைக்குள் விழித்துக் கிடந்தாள்.

மலையேறுகிற ஒவ்வொருவருக்கும் எண் அடித்த தகர டோக்கன் ஒன்று கொடுத்து, இறங்கும்போது திரும்ப வாங்கி, பலகையில் அதனதன் ஆணியில் மாட்டுவது அவர் வேலை. முகம் பார்க்க மாட்டார். கையை மட்டும் பார்ப்பார். "முகம் மறந்துடும். நீட்டின கை மறக்காது."

மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு ஐம்பத்தேழாம் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. அடிவாரத்துக்குப் போகிற கடைசிப் பேருந்து நிறைந்து நின்றது. யாராவது ஞாபகார்த்தமாகக் கொண்டுபோயிருப்பார்கள், வாராவாரம் நடப்பதுதான், வண்டியை விடுங்கள் என்றார் மேற்பார்வையாளர். கண்டக்டரம்மா படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டார். "ஒரு ஆள் குறையுது சார்." நாற்பது நிமிடம் பேருந்து நகரவில்லை. உள்ளே குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் வைதார்கள். காவலர்கள் இருவர் அருவிவரை ஏறிப் போய்த் தேடிவிட்டு, வெறுங்கையோடு வியர்த்து வந்தார்கள்.

புதன்கிழமை தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே டோக்கன். வீட்டுச் சின்னவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று ஒரு வரி.

அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்குப் பெயர் 'அம்பத்தேழு.' தட்டை நீட்டினால், "அம்பத்தேழு வந்தாச்சா, அடுப்பை அணைக்கலாமா?" என்பார் சமையல்காரர். கண்டக்டரம்மாவும் சிரித்துவைப்பார். ஆனால் அலுவலகம் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அலுவலக மொழியில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அது திருப்தியாக இல்லாவிட்டால் சனிக்கிழமை வேனில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை அவள் கண் விழித்தபோது அறையில் ஏதோ மாறியிருந்தது. எண்ணிக்கை சரியாகிவிட்ட நிம்மதியோ என்னவோ, மின்விசிறி ஓடவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்டக்டரம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்று வேலை முடிந்ததும் அவர் சொல்லச் சொல்ல அவள் விளக்கத்தை எழுதினாள். அவர் ஒரு வரி சொன்னால் அவள் ஒரு வரி எழுதினாள். முடிந்ததும், தமிழில் படித்துக் காட்டச் சொன்னார்.

"நடந்ததுக்கு மன்னிக்கணும்னு..."

"அதை நான் சொல்லலியே."

"அப்படித்தான் ஆரம்பிக்கணும்க்கா. இல்லேன்னா அனுப்பிடுவாங்க."

கண்டக்டரம்மாவின் வலது கை உயர்ந்து, இல்லாத கம்பியைத் தேடியது. பிறகு, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரே ஒரு தடவை எண்ணாமல் விசில் கொடுத்ததைச் சொன்னார். பதினோரு கிலோமீட்டர் போன பிறகு, கடைசி சீட்டில் ஒரு கைக்குழந்தை யாரோ ஒருத்தர் மடியில் தூங்குவதைப் பார்த்தாராம். தண்ணீர் பிடிக்க இறங்கிய தாய் ஏறவில்லை.

"திரும்பிப் போனோம். அந்தப் பொண்ணு நடுரோட்டுல எதிர்க்க ஓடி வந்துட்டிருக்கா. கால்ல செருப்பு இல்ல."

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். அந்த மொழியில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. இருந்தும் முதல் வரி எது என்று தெரிந்தது. அதன்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார்.

"இதை மட்டும் அடிச்சிடு பாப்பா. நாளைக்கு ஒண்ணு குறைஞ்சாலும் வண்டியை விட மாட்டேன்னு, அந்த இடத்துல எழுதிக் குடு."