கொதிநிலைக்கு மாரப்பன் சொன்ன பதில்

சைனுதீன் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. பாலக்காட்டில் அண்ணன்மார் மூவரும் துணி கிழித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பௌதிகம் படித்து எங்கள் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார். நானும் அதே லேபில் அதே உத்தியோகம். ஆளுக்குப் பிடிவாதம் அதிகம், பேச்சு அதைவிட அதிகம்.

"வாங்க வந்தவளுக்குப் புரியாம ஒரு முழம் துணி விக்க முடியுமா? நம்ம பி.எஸ்சி. பையன்க மட்டும் ஒருத்தருக்கும் புரியாமலே பாஸாயிடறானுங்க" என்பார்.

நியாயமான பேச்சுதான். எங்கள் மாணவர்கள் நோட்டை உருப்போட்டு ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும்.

1953இல் சனிக்கிழமை மதியங்களில் அவர் ஒரு பேச்சு வகுப்பு தொடங்கினார். சட்டம் ஒன்றுதான்: புத்தகத்து வாக்கியம் வாயில் வரக் கூடாது, வந்தால் உட்கார வேண்டும். கல்லூரி வாசலில் கடலை விற்கும் ஐசும்மாவை முன் பெஞ்சில் உட்கார வைத்து, அவளுக்குப் புரிகிறபடி சொல்லச் சொல்வார். அவள் கொட்டாவி விட்டால் பையன் தோற்றான். பன்னிரண்டு பேர் வந்தார்கள். பரீட்சைக்கு உதவாது என்று தெரிந்ததும் மூன்று பேரானார்கள்.

அந்த மூவரில் ஒருவன் எலப்புள்ளி மாரப்பன். குடியானவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன். வாயைத் திறக்கவே கூசியவன், ஒரு வருஷத்தில் ஐசும்மாவே "இன்னொண்ணு சொல்லு தம்பி" என்று கேட்கும்படி ஆகிவிட்டான். சைனுதீனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் மாரப்பனுக்குப் போதாத காலம். கண்ணாடிக் குழாய் உடைந்து சோதனை பாதியில் நின்றது. வாய்மொழிக் கேள்வியில் தேறினால்தான் பாஸ். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், கொதிநிலை என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மூணாற்றில் சோறு வேகாத கதையைத் தொடங்கினான்.

"நான் சமையல் குறிப்புக் கேட்கவில்லை. வரையறையைச் சொல்" என்றார் அவர்.

மாரப்பன் விழித்தான். அந்த வாக்கியத்தைச் சொல்லாமலிருக்க ஒரு வருஷம் பழகியிருந்தான். வேண்டியபோது அது வரவில்லை. கருவிகளை எடுத்து வைத்தபடி நானும் அங்கேதான் நின்றேன். அவன் சொல்வது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை நிரந்தரமாகவில்லை, வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாரப்பன் பெயிலானான். அவனைக் கோயமுத்தூரில் ஒரு மில் வேலையில் சேர்த்துவிட்டு, அவன் அப்பா ஆறுமுகசாமி லேபுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சைனுதீனிடம் கேட்க வந்திருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, அவுரு அப்படி என்னதானுங்க கேட்டாரு? எம்பட பையன் என்னத்தச் சொன்னான்?"

சைனுதீன் நிதானமாகச் சொன்னார். "மலை மேல போகப் போகக் காத்தோட பாரம் கொறையும். அமுக்கறது கம்மியானா, தண்ணி கொஞ்சச் சூட்டுலயே கொதிச்சிடும். கொதிக்கும், ஆனா அரிசி நல்லா வேகற சூடு அதுல இருக்காது."

ஆறுமுகசாமி யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அட ஆமாங்க! எஸ்டேட்டுக்கு அரிசி ஏத்திக்கிட்டுப் போனப்பப் பாத்திருக்கறனுங்க. மூடி மேல பெரிய கல்லத் தூக்கி வெச்சுல்ல பொங்கறாங்க. காத்து அமுக்காதத கல்லு அமுக்குது, அப்படித்தானுங்களே?"

"அப்படியேதான்."

"அப்பப் பையன் சொன்னது சரிதானுங்களே. பொறகெதுக்குங்க தோக்கடிச்சாங்க?"

சைனுதீன் பாடப்புத்தகத்தைப் பிரித்து, கொதிநிலையின் வரையறையை விரலால் காட்டினார். ஆறுமுகசாமி அந்த ஆங்கில வரியைப் பார்த்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு "வர்றனுங்க" என்று கிளம்பினார்.

அடுத்த ஆண்டும் சனிக்கிழமை வகுப்பு நடந்தது. ஐசும்மா வந்து எட்டிப் பார்த்தாள். "இனி வேணாம்க்கா" என்று சைனுதீன் அவளை அனுப்பிவிட்டார். கொதிநிலையின் வரையறையைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, பையன்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். இந்த முறை நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவனும் தப்பாகச் சொல்லவில்லை.