இரண்டாம் பங்குச் சோறு

இரண்டாம் உலக யுத்த காலத்தில், கொழும்புக் கொட்டாஞ்சேனையில், என் அறைத்தோழனின் சோற்றை நான் ஏமாற்றித் தின்றேன். நம் ஊர் திருநெல்வேலியிலேயே இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். கொழும்பில் அன்று அரிசி ரேஷன் கூப்பனுக்குத்தான். எங்கள் மெஸ்ஸில் சமையல்காரர் ஆளுக்கு ஒரு பங்கு வைப்பார். மிச்ச வயிற்றைப் பாண் என்கிற ரொட்டியால் நிரப்ப வேண்டும். எனக்கு அது பஞ்சை மெல்வது போலிருக்கும்.

தோழன் சின்னத்துரை யாழ்ப்பாணத்துக்காரன், நல்ல பருமன். வெள்ளவத்தையில் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. தன் வயிற்றைத்தான் பிடிக்கவில்லை. “இதை எப்பிடி அண்ணை குறைக்கிறது?” என்று கேட்டான். ஆங்கிலப் பத்திரிகையில் படித்த அரைகுறை அறிவோடு, மாவுச்சத்துதான் எதிரி என்றேன். சோறும் பாணும் விஷம். மீன், முட்டை, கீரை போதும். மாலையில் வேக நடை.

“அப்ப என்ர சோறு?”

“வீணாகாதுப்பா, நான் பாத்துக்கிறேன்.”

காலிமுகத்திடல் கடற்கரையில் அவன் வியர்க்க வியர்க்க நடந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து கலோரியைப் பற்றி உபதேசம் செய்தேன். அவன் உருக உருக நான் ஊதினேன்.

கலியாண நாள் குறிக்க நானும் கூடப் போனபோது அவன் சட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தான். பெண்ணின் தாய் கணவரிடம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது: “இஞ்சேருங்கோ, பொடியனுக்குக் கசநோய் போல கிடக்கு.”

“தம்பி, நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்தனீரோ?” என்றார் தகப்பன்.

“நோய் வருத்தம் ஒண்டுமில்லை ஐயா. நானாத்தான் சோத்தை விட்டனான்,” என்றான் சின்னத்துரை, பெருமையாக.

ஊரே அரிசிக்கு அலைந்த நாளில் அதை யார் நம்புவார்? கலியாணப் பேச்சு அத்தோடு நின்றது. அன்று அவன் முட்டையைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் பெண் வீட்டுக்குத் தனியாகப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தாய் என் தொந்தியை உற்றுப் பார்த்தார். “அப்ப மாப்பிள்ளையின்ர சதை இஞ்சையோ கிடக்கு?” உள்ளறையில் பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் கலியாணத்தைக் காப்பாற்றியது. தண்டனையையும் தாயே சொன்னார்: தாலி கட்டும்வரை என் பங்குச் சோறு சின்னத்துரைக்கு. பாண் தின்று தின்று நான் இளைத்தேன். மாப்பிள்ளை பழைய பருமனோடு மணவறையில் உட்கார்ந்தான்.

இப்போது எனக்குச் சர்க்கரை வியாதி. சோறு நல்லதா கெட்டதா என்று டாக்டர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். வாய் திறக்கும் உரிமை எனக்கில்லை. ஞாயிறுதோறும் வெள்ளவத்தையில் சாப்பாடு. அகப்பையை எடுக்கப் போனால், “உங்களுக்குக் காணும், போதும் அண்ணை,” என்று சின்னத்துரையின் மனைவி என் கையைத் தட்டிவிடுவாள்.

சென்ற தடவை ஊருக்கு வந்தபோது, விருந்தாளி என்று என் இலையில் சோற்றைக் குவித்தீர்கள். மூன்றாம் முறையும் விழுந்ததும், கையைத் தட்டிவிட யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. தின்றுவிட்டேன்.