கோலியைத் தாண்டிய பிரஷ்

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் வண்டி கீரனூர் வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிடும். பின்பக்கத்து அடுப்பைக் கிளறி, புதுக்கரி போட்டு, கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றி வண்டியைக் கிளப்ப கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை நம்பித்தான் என் வீட்டுக்காரர் அங்கே சோடாக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். புட்டி கழுவுவது என் வேலை.

கோலி சோடாப் புட்டியைக் கழுவியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கழுத்தில் ஒரு கோலி உருண்டுகொண்டே இருக்கும், அதற்குக் கீழே கழுத்து இறுகியிருக்கும். விரல் போகாது, துணி போகாது. எல்லாரையும் போல நானும் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து ஒரு புட்டியை வெயிலில் பிடித்தார். அடியில் பச்சையாகப் பாசி.

"மணலைப் போட்டுக் குலுக்குனாப் போதாதுய்யா. பிரஷ் போட்டுத் தேய்க்கணும்" என்றார். சத்தம் போடவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

வீட்டுக்காரர் திருச்சிக்குப் போய் ஒரு பிரஷ் வாங்கி வந்தார். ஒல்லியான மரக்குச்சி, நுனியில் கறுப்பாக விறைத்த மயிர். அது என்ன மயிர் என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை. குச்சி வளையாது, கோலியில் முட்டும். நான் பொறுமைசாலி இல்லை, முட்டினால் இன்னும் அழுத்துவேன். அப்படி அழுத்தியதில் மயிர் உதிர்ந்தது எனக்குத் தெரியவில்லை.

வெற்றிலை வியாபாரி ஒருவர் தினமும் அந்த பஸ்ஸில் கூடையோடு போவார். வாரத்தில் ஐந்து நாள் எங்கள் சோடா குடிப்பவர். ஒரு மத்தியானம் பாதி குடித்தவர் நாக்கிலிருந்து ஏதோ ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏப்பா, இது பன்னி மயிராச்சே!"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பஸ் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவார்கள். எனக்கு முதலில் வியாபாரி மேல் கோபம் வந்தது. பிறகு கேட்காமல் வாங்கி வந்த வீட்டுக்காரர் மேல். கடைசியில் முகம் தெரியாத அந்தப் பன்றி மேலும் வந்தது. பிரஷ்ஷைத் தூக்கி அடுப்பில் போட்டேன். முடி பொசுங்கும் நாற்றம் வீடு முழுக்க அடித்தது. அதற்குமேல் சந்தேகப்பட இடமில்லை.

பத்து நாள் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார். "திங்கக்கெழம திருச்சிக்குப் போறேன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறாங்களாம்."

சர்க்கரை வாங்கப் போகிறேன் என்பது போலச் சொன்னார். போன இடத்திலிருந்து இவர் திரும்பி வருவார் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? அழுதேன், கத்தினேன். அவர் கத்தாத மனிதர். கத்தாதவரோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது?

எனக்குப் பிறந்த ஊர் கீரமங்கலம். வீட்டில் கயிறு திரிப்பார்கள். பத்து வயதில் வேடிக்கை பார்க்கக் குனிந்தபோது என் சடை நுனி இரண்டு புரிகளுக்கு நடுவில் சிக்கி முறுக்கிக்கொண்டது. மூன்று பேர் இழுத்தும் வரவில்லை, அப்பா அரிவாளால் சடையைத்தான் அறுத்தார். வெள்ளிக்கிழமை தலை வாரும்போது அது ஞாபகம் வந்தது. இரண்டு புரி முறுக்கிக்கொண்டால் நடுவில் அகப்பட்டது உதிராது. கயிற்றுக்குப் பதில் கம்பியாக இருந்தால்?

சீப்பைப் போட்டுவிட்டு எழுந்தேன். கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, மடிப்பைக் கதவு நாதாங்கியில் மாட்டி, இரண்டு கம்பிக்கும் நடுவில் தேங்காய் நாரைக் குறுக்கே அடுக்கி, மறுமுனையை ஒரு குச்சியில் கட்டி முறுக்கினேன். நார் சுற்றிலும் சிலிர்த்துக்கொண்டு நின்றது! ஆனால் தண்ணீர் பட்டதும் துவண்டுவிட்டது. மறுநாள் பனைமட்டையை ஊறவைத்து அடித்துத் தும்பு எடுத்தேன். அது நல்ல விறைப்பு. நீளமாக விட்டால் கழுத்தில் அடைத்துக்கொண்டது, ஒட்ட வெட்டினால் பக்கத்தைத் தொடவில்லை. அரை விரல் நீளத்தில் சரியாக நின்றது. நேர்க்கம்பி கோலியில் முட்டியதால் லேசாக ஒரு வளைவு கொடுத்தேன். மூலைப் பாசி அசையவில்லை என்று நுனி மடிப்பின் காதுக்குள் ஒரு கொத்துத் தும்பைக் கோத்தேன். ஞாயிறு சாயங்காலம் புட்டி கண்ணாடியாக மின்னியது. விரலெல்லாம் கீறல்.

வீட்டுக்காரர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு நம்புவா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்றினார். பஸ் நிற்கும்போது கடைவாசலைத் தாண்டாத நான் அன்று வாளி, புட்டி, பிரஷ்ஷோடு போய் வண்டியோரமே உட்கார்ந்தேன். வெற்றிலை வியாபாரி கீழே நின்றிருந்தார்.

"ஐயா, இங்கிட்டு வாங்க. இதுல ஒரு நாரை உருவிக் காட்டுங்க பாப்போம்."

அவர் தயங்கி வாங்கினார். விரலால் இழுத்தார், பல்லால் கடித்து இழுத்தார். வரவில்லை. "பனந்தும்பா ஆத்தா?" என்றார். "ஆமாங்க" என்றேன். எல்லாரும் பார்க்கப் புட்டியைச் சாய்த்தேன். கோலி ஓரமாக ஒதுங்கியது, பிரஷ் அதைத் தாண்டி இறங்கியது. சுற்றி எடுத்து அலசி, வெயிலில் பிடித்தேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"சரி. இதுலயே ஒரு சோடா போட்டுக் குடுங்க."

சோடா மிஷின் எனக்கு ஓட்டத் தெரியாது. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். பிறகு இறங்கி வந்து, என் கையிலிருந்த புட்டியை வாங்கி, மிஷினில் மாட்டிச் சுற்றினார்.

வியாபாரி குடித்தார். பஸ்ஸே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்து, ஊர் கேட்க ஓர் ஏப்பம் விட்டார்.

"எனக்கொண்ணு" என்றது ஒரு குரல். "இங்க ரெண்டு" என்றது இன்னொன்று. நான் கழுவிக் கழுவி நீட்டினேன், அவர் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார். கண்டக்டர் விசில் ஊதி, "ஏறலையாங்க?" என்று கேட்டார்.

"நீங்க போங்க. இங்க வேலை கெடக்கு" என்றார் வீட்டுக்காரர், தலையைத் தூக்காமலே.

புழுதி அடங்கிய பிறகுதான் அவருக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. "அடடா, பெட்டி மட்டும் பட்டாளத்துக்குப் போயிருச்சு!" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுரோடு என்றும் பார்க்காமல், வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.