செலிமேன் குளிப்பாட்டிய கடைசிப் பிணம்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தத் தீவில், ப்ரெகூர் துரையின் கரும்புத் தோட்டத்து அடிமைகளில் யார் செத்தாலும் செலிமேனுக்குத்தான் ஆள் வரும். சாவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆலையில் கை சிக்கியவன், சவுக்கடி சீழ் பிடித்துப் போனவள், பசி தாங்காமல் ஒரு துண்டு கரும்பைக் கடித்ததற்காக வெயிலில் கட்டிப் போடப்பட்டவன் என்று மாதம் தவறாமல் ஒரு பிணம் விழுந்தது. பகலெல்லாம் மற்றவர்களைப் போல அவளும் கரும்பு வெட்டுவாள். பொழுது சாய்ந்ததும் நாரத்தை இலையும் திருநீற்றுப்பச்சையும் பறித்துத் தண்ணீரில் போட்டு, பிணத்தைத் தலையிலிருந்து பாதம் வரை தேய்த்துக் குளிப்பாட்டுவாள்.

குளிப்பாட்டி முடித்ததும் பிணத்தின் காதோடு பேச வேண்டும். செத்தவருக்குச் சேதி சொல்லும் உரிமை அந்த ஊரில் குளிப்பாட்டுகிறவளுக்கு மட்டும்தான் உண்டு. செலிமேன் எல்லோரிடமும் இரண்டே விஷயம் சொன்னாள். கடலுக்கடியில் நம் முன்னோர் பிறந்த கினி நாட்டுக்குப் போகும் வழி இது, இந்த வழியாக வீட்டுக்குப் போ. அப்புறம், உன்னைக் கொன்றவன் பெயர் ப்ரெகூர், அவனை விடாதே.

முப்பத்தொரு பேரிடம் சொல்லியனுப்பினாள். ப்ரெகூர் துரைக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. கன்னம் உப்பி, வயிறு பெருத்து, குதிரையில் ஏறவே இரண்டு ஆள் தேவைப்படும் அளவுக்குக் கொழுத்துப்போனான். செலிமேனுக்கு வயிறு எரிந்தது. செத்தவர்கள்கூடவா இந்த வெள்ளைக்காரனுக்குப் பயப்படுகிறார்கள் என்று வண்டிக்காரன் லஃபோர்த்தூனிடம் புலம்பினாள். அவன் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டே சிரித்தான்.

"வீட்டுக்குப் போற வழியையும் நீயே காட்டிட்ட, அப்புறம் ஒரு வேலையும் குடுக்கிற. வாழ்நாள் பூரா வேலை செஞ்சு செத்தவன் அவன், செலிமேன். வழி தெரிஞ்சப்புறம் திரும்பி வருவானா? நானா இருந்தா ஒரே ஓட்டம்தான்."

மூன்று நாள் அவனோடு அவள் பேசவில்லை. நாலாவது நாள் யோசித்துப் பார்த்தபோது, அந்த வாயாடி சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. முப்பத்தொரு பேரையும் அவளே கப்பலேற்றி அனுப்பிவிட்டு, பழி வாங்கவில்லையே என்று காத்திருந்திருக்கிறாள். இனி பிறந்த ஊரைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, பெயரை மட்டும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அடுத்த பிணம் விழுவதற்குள் அடிமைகள் முதலாளிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். வடக்குச் சமவெளி முழுக்க ஆலையும் கரும்பும் ஒரே வாரத்தில் எரிந்தன. ப்ரெகூர் துரை எப்படியோ கப்பலேறித் தப்பிவிட்டான். அவன் தப்பியதை நினைத்து, விடுதலை வந்த சந்தோஷத்திலும் செலிமேனுக்குச் சோறு முழுசாக இறங்கவில்லை.

பத்து வருடம் போயிற்று. அவள் மகன் அஸோர் வளர்ந்து, லெ கேப் நகரத்தில் சிப்பாய் உடுப்புப் போட்டான். அப்போதுதான் மறுபடியும் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன. பழைய முதலாளிகள் கூடவே வந்தார்கள். வாயில் இனிப்பும் மனதில் பழைய சங்கிலியுமாக வந்தார்கள், வேறென்ன. மலையில் மறுபடியும் ஜனங்கள் துப்பாக்கி தூக்கியதும், ஊருக்குள் இருந்த கறுப்புச் சிப்பாய்களைப் பிரெஞ்சுக்காரர்கள் நம்பவில்லை. ஆயுதத்தைப் பிடுங்கி, துறைமுகத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். யார் யார் எந்தத் தோட்டத்து ஆள் என்று காட்டிக்கொடுக்க ப்ரெகூர் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அஸோரைப் பார்த்ததும் இவன் என் தோட்டத்துக் குட்டி, தாய்க்காரியும் திமிர் பிடித்தவள் என்று கைகாட்டினான். கழுத்தில் மாவு மூட்டையைக் கட்டி, படகில் ஏற்றிக்கொண்டுபோய், கரைக்குத் தெரியும் தூரத்திலேயே தள்ளினார்கள்.

பதினொரு நாள் காலையில் செலிமேன் கரையில் போய் நின்றாள். மற்ற தாய்மார்களுக்கு ஒன்றிரண்டு உடல்கள் ஒதுங்கின. அவற்றையும் அவள்தான் குளிப்பாட்டினாள். அஸோர் ஒதுங்கவில்லை. ஊரார் பிணத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிய கைக்குச் சொந்தப் பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை. குளிப்பாட்டாத பிணம், ஒரு சேதி வந்து சேரும்வரை செத்த இடத்தை விட்டு நகராது. அப்படியானால் அவன் அங்கேதான், துறைமுகத்துத் தண்ணீருக்கடியில்தான் நிற்கிறான். யாரைப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல, அவன் நிற்கும் இடத்துக்கே போய்ச் சேரும் ஒரு பிணத்தின் காது அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காதைத் தேடித்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் மஞ்சள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ப்ரெகூர் துரையைக் காய்ச்சல் தொடவில்லை. இந்த மண்ணில் பிறந்தவனை இந்த மண்ணின் காய்ச்சல் கடிக்காது என்று மார்தட்டிக்கொண்டான். ஆனால் மலையிலிருந்து வந்த ஒரு குண்டு அப்படியெல்லாம் பார்க்கவில்லை. தொடையில் பாய்ந்தது, அழுகியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது, அங்கே படுக்கைத்துணி மாற்றும் வேலையில் செலிமேன் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நம் தோட்டத்து ஆள், இனிக் கவலை இல்லை என்றான். அவள் நல்லபடியாகவே பார்த்துக்கொண்டாள். கஞ்சி ஊட்டினாள், புண்ணைத் துடைத்தாள், ஈ ஓட்டினாள். அவன் புத்தி தெளிவாக இருக்க வேண்டும், அது அவளுக்கு முக்கியம். கால் கறுத்து இடுப்புக்கு ஏறியதும் அவனுக்கே தெரிந்துவிட்டது. மாதா கோயில் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க ஏற்பாடு செய்யச் சொன்னான்.

செலிமேன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கல்லறையில இடம் இல்ல துரை. பாதிரியாரும் போன வாரம் காய்ச்சல்ல போயிட்டாரு. இப்பல்லாம் வெள்ளைக்காரப் பிணத்தைப் படகுல கொண்டுபோய்க் கடல்லதான் போடுறாங்க. வண்டியும் படகும் ஓட்டுறது நம்ம லஃபோர்த்தூன்தான். நான் சொல்லிட்டேன், எந்த இடத்துல போடணும்னு."

"எந்த இடத்துல?"

"என் மகனத் தள்ளின இடத்துல."

வேறு வெள்ளைக்காரனாக இருந்தால் சிரித்திருப்பான். ப்ரெகூர் துரை கறுப்புத் தாதியிடம் பால் குடித்து, அவள் மடியில் செத்தவர் கதை கேட்டு வளர்ந்தவன். குளிப்பாட்டாத பிணம் எங்கே நிற்கும், என்ன செய்யும் என்று அவனுக்கு மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"செலிமேன், நீ என்னைத் தொடாத. வேற யாரயாவது குளிப்பாட்டச் சொல்லு. காட்டுல எறிஞ்சிடு, நாய் தின்னட்டும். கும்பிடுறேன்."

"நான்தான் குளிப்பாட்டுவேன். உங்க முகத்தை நல்லாத் தேய்ச்சு, சுத்தமா அனுப்புவேன். அங்க இருட்டா இருக்கும், அவனுக்கு அடையாளம் தெரியணும் இல்ல?"

அவன் அதற்கப்புறம் கண்ணை மூடவில்லை. தூங்கினால் செத்துவிடுவோம் என்று விரலைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் விழித்துக் கிடந்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செலிமேன் நாரத்தை இலை ஆய்ந்தாள். சீக்கிரம் போகட்டும் என்று அவள் ஒரு நொடியும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்த மூன்று நாளும் அவளுக்கு வாய்க்கசப்பு இல்லாமல் பசித்தது, மரவள்ளி ரொட்டியை வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

செத்த பிறகு, முப்பத்தொரு பேருக்குச் செய்த அதே பக்குவத்தோடு குளிப்பாட்டினாள். நகத்திடுக்கு அழுக்கைக்கூட விடவில்லை. வாசலில் லஃபோர்த்தூன் வண்டியோடு காத்திருந்தான். அவள் குனிந்து, குளிர்ந்துபோன அந்தக் காதில் மகனுக்கான சேதியைச் சொன்னாள்.

"அஸோர், இவன்தான். அவசரப்படாம முடி. முடிச்சிட்டுக் கரையேறு, நம்ம ஆளுங்க இன்னும் மலையிலதான் சண்டை போடுறாங்க."